கிளெய்ம் மேசையில் உருவான தலைவிகள்: விமோசேவா, ஒரு நிகழ்வு ஆய்வு

காப்பீட்டுத் துறையில் பயிற்சி என்றால் பெரும்பாலும் விற்பனைப் பயிற்சிதான். தேர்வுக்கு ஒரு புத்தகம், பாஸானதும் ஒரு டார்கெட், அப்புறம் மாதாமாதம் கூட்டம். பாலிசி எடுத்தவருக்கு அதைப் புரியவைப்பதும், கஷ்டம் வரும்போது பணத்தை எப்படிக் கேட்டு வாங்குவது, அதாவது கிளெய்ம் செய்வது, என்று சொல்லித் தருவதும் யாருடைய வேலை என்று கேட்டால் தெளிவான பதில் கிடைக்காது. அந்த வேலையையே தொழிலாக எடுத்துக்கொண்டு, அதன் வழியாகவே தலைமைப் பொறுப்புக்கும் வந்த பெண்கள் இருக்கிறார்களா? இருக்கிறார்கள், ஏழை உழைக்கும் பெண்களுக்காகக் குஜராத்தில் உருவான காப்பீட்டு அமைப்பான விமோசேவாவில்.

இந்தியக் காப்பீட்டில் உயரத்துக்குப் போன பெண்கள் என்றால் வேறு பெயர்கள்தான் முதலில் நினைவுக்கு வரும். 1981இல் எல்.ஐ.சி.யில் நேரடி அதிகாரியாகச் சேர்ந்த உஷா சங்வான், 2013இல் அதன் முதல் பெண் நிர்வாக இயக்குநர் ஆனார். 1983இல் நியூ இந்தியா அஷ்யூரன்ஸில் சேர்ந்த ஆலிஸ் வைத்யன், 2016இல் ஜி.ஐ.சி.யின் தலைவர் ஆனார்; காப்பீட்டு நிறுவனங்களுக்கே காப்பீடு தரும் அரசின் மறுகாப்பீட்டு நிறுவனம் அது. அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் பெண் அவர். அடுத்த ஆண்டே அந்த நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தது. இரண்டுமே மதிக்க வேண்டிய பயணங்கள். ஆனால் இருவரும் ஏறியது பட்டம், போட்டித் தேர்வு, அதிகாரி வேலை என்று ஏற்கெனவே சாத்தி வைக்கப்பட்டிருந்த ஏணியில். அதன் மேல்படிக்குப் பெண் ஒருவர் வந்து சேரத்தான் அத்தனை ஆண்டுகள் ஆயின. விமோசேவாவில் ஏணியே கிடையாது. அங்கிருந்த பெண்கள் அதைச் செய்துகொள்ள வேண்டியிருந்தது. இந்த ஆய்வுக்கு அதை எடுத்துக்கொள்ள அதுதான் காரணம்.

பின்னணி

அகமதாபாத்தில் ஜவுளித் தொழிலாளர் சங்கத்தின் பெண்கள் பிரிவை நடத்திவந்த வழக்கறிஞர் இலா பட். ஆலையில் வேலை செய்யாத, ஆனால் நாள் முழுக்க உழைக்கிற பெண்கள் அவரிடம் வந்தார்கள்: தலைச்சுமை தூக்குகிறவர்கள், பழைய துணி வாங்கி விற்கிறவர்கள், காய்கறிக் கூடைக்காரர்கள், பீடி சுற்றுகிறவர்கள். 1972இல் அவர்களுக்காகச் சேவா என்ற சங்கம் தொடங்கியது. தொழிற்சங்கமாகப் பதிவு செய்யப் போனபோது, முதலாளியே இல்லாதவர்கள் யாரை எதிர்த்துச் சங்கம் வைக்கப் போகிறார்கள் என்று அதிகாரிகள் மறுத்துப் பார்த்தார்கள். கடைசியில் பதிவு நடந்தது. 1974இல் 4,000 பெண்கள் தலைக்கு 10 ரூபாய் போட்டு ஒரு கூட்டுறவு வங்கியும் தொடங்கினார்கள்.

காப்பீடு என்ற எண்ணம் அந்த வங்கியின் கணக்குப் புத்தகத்திலிருந்து வந்தது. கடன் வாங்கிய சிலர் தவணை கட்டவில்லை. ஏன் என்று வீடு வீடாகப் போய் விசாரித்தபோது ஏமாற்றுக்காரர்கள் அகப்படவில்லை. ஒருவர் நோயாகப் படுத்திருந்தார். ஒருவருடைய கணவர் இறந்திருந்தார். சிலர் பிரசவத்தில் தாங்களே இறந்துபோயிருந்தார்கள். கடன் கொடுத்து முன்னேற்றிய குடும்பத்தை ஒரே ஒரு மருத்துவமனைச் செலவு மறுபடி வட்டிக்காரரிடம் கொண்டுபோய் விட்டது. சேவா காப்பீட்டு நிறுவனங்களின் கதவைத் தட்டியது. ஏழைப் பெண்களின் உயிருக்கும் உடம்புக்கும் ஆபத்து அதிகம், கட்டுப்படியாகாது என்பதே பல காலம் கிடைத்த பதில்.

ஆபத்து அதிகமாக இருப்பவருக்கு அதனாலேயே காப்பீடு இல்லை என்பது துறையின் கணக்குப்படி சரிதான். ஆனால் அந்தக் கணக்கைப் போட்டவர்களில் ஒருவர்கூட அந்தப் பெண்களைச் சந்தித்திருக்க மாட்டார் என்பது என் சந்தேகம்.

1992: ஒரு சிறிய பாலிசி

விமோசேவா 1992இல் தொடங்கியது. உயிர், மருத்துவம், சொத்து என்று மூன்றையும் ஒரே பிரீமியத்தில் சேர்த்தார்கள். உயிர்க் காப்பீட்டுக்கு எல்.ஐ.சி. கைகொடுத்தது. மருத்துவக் காப்பீட்டைச் சில காலத்திலேயே சேவா தன் கையில் எடுத்துக்கொண்டு சொந்த நிதியாக நடத்தத் தொடங்கியது. 1990களின் கடைசியில் ஆண்டுப் பிரீமியம் 72 ரூபாய் 50 காசு. அதில் மருத்துவத்துக்குப் போனது 30 ரூபாய். ஆண்டுக்கு 1,200 ரூபாய் வரை மருத்துவமனைச் செலவு திரும்பக் கிடைக்கும். ஏற்கெனவே இருந்த சில நோய்களுக்குக் கிடையாது. முதலில் கையிலிருந்து கட்ட வேண்டும். பில்லைக் கொடுத்த பிறகுதான் பணம்.

விற்பது ஒன்றும் சுலபமாக இல்லை. வங்கியில் போட்ட பணம் வங்கியில் இருக்கும். காப்பீட்டில் போட்ட பணம்? ஆண்டு முடிந்தது, நோய் எதுவும் வரவில்லை, அப்படியானால் என் பணத்தைக் கொடு என்று கேட்பது நியாயமான கேள்விதான். பாடப்புத்தகத்தில் இடர்ப் பகிர்வு, அதாவது எல்லாரும் போட்ட பணத்தில் சிலருடைய இழப்பை ஈடுகட்டுவது, என்று இரண்டு வரியில் முடிந்துவிடுகிற விஷயம், தெருமுனைக் கூட்டத்தில் ஒவ்வோர் ஆண்டும் புதிதாக விளக்க வேண்டியதாகிறது. இதற்குச் சேவா ஒரு வழி கண்டுபிடித்தது. ஒரு தொகையை வைப்பாகச் சேவா வங்கியில் போட்டுவிட்டால், அதற்கு வரும் வட்டியே ஆண்டுதோறும் பிரீமியமாகப் போய்விடும். அசல் அப்படியே இருக்கும். பணம் தொலைந்துவிட்டது என்ற உணர்வும் போயிற்று, புதுப்பிக்க மறந்துபோகிற சிக்கலும் போயிற்று. மக்களுக்கு ஒன்று புரியவில்லை என்றால் எப்போதும் மக்களைத் திருத்த வேண்டியதில்லை. சில நேரம் திட்டத்தைத் திருத்தினால் போதும்.

ஆகேவானின் வேலை

இதையெல்லாம் செய்தது யார்? ஆகேவான்கள். சேவாவில் உள்ளூர்த் தலைவிகளை அப்படித்தான் அழைக்கிறார்கள். அதே தெருவில், அதே கிராமத்தில், அதே தொழில் செய்கிறவர். சங்கத்தில் பெயர் எடுத்தவர். பலர் அதிகம் படிக்காதவர்கள். ஒருவரை ஒருவர் 'பென்' என்று, அதாவது அக்கா தங்கை முறையில், அழைத்துக்கொள்வது அங்கே வழக்கம். இலா பட்டும் அங்கே இலாபென்தான்.

ஆகேவானின் வேலையை விற்பனை என்று சொல்லிவிடலாம், ஆனால் அது பாதிதான். சேர்க்கை நடக்கும் மாதங்களில் அவர் கூட்டம் போட்டுத் திட்டத்தை விளக்குவார், பணம் வசூலிப்பார், ரசீது தருவார். மீதி மாதங்களில்தான் உண்மையான பாடம். உறுப்பினர் ஒருவர் மருத்துவமனையில் சேர்ந்தால் அங்கே போக வேண்டும். எந்தக் காகிதத்தையெல்லாம் கேட்டு வாங்க வேண்டும் என்று சொல்ல வேண்டும்: டிஸ்சார்ஜ் சீட்டு, மருந்துச் சீட்டு, ரசீது, டாக்டரின் சான்று. டாக்டர் கையெழுத்துப் போட்டாரா, தேதி சரியாக இருக்கிறதா, ரசீதில் உறுப்பினர் பெயர் இருக்கிறதா, கணவர் பெயர் வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் இன்னொருவருடைய ரசீதைப் பரிசோதிக்கப் பழகுவது எளிதான காரியம் இல்லை. ஆனால் ஒரு காகிதம் குறைந்ததால் திரும்பி வந்த கிளெய்ம் ஒன்றைப் பார்த்துவிட்டால், அந்தக் காகிதம் அவருக்கு வாழ்நாள் முழுக்க மறக்காது.

அப்படித் திரும்பி வரும் கிளெய்ம்தான் இந்த வேலையின் மிகக் கடினமான பகுதி. நிராகரிப்பை நேரில் போய்ச் சொல்ல வேண்டியவரும் ஆகேவான்தான். நகரத்து அலுவலகத்திலிருந்து கடிதம் அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ள அவரால் முடியாது. நாளைக் காலை தண்ணீர்க் குழாயில் அதே பெண்ணைப் பார்த்தாக வேண்டும். ஏன் கிடைக்கவில்லை என்று அவருக்கே முதலில் விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை என்றால் அவரே அலுவலகத்துக்குப் போய்ச் சண்டை போடுவார். கிளெய்ம்களைத் தீர்மானிக்கும் குழுவில் அலுவலக ஊழியர்களோடு உறுப்பினர்களும் இடம்பெற்றதால், அந்தச் சண்டைக்குப் போய்ச் சேர ஓர் இடமும் இருந்தது.

என் வாதத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது. விற்பனையில் திறமை காட்டியவருக்குக் கிடைப்பது கமிஷன். பத்துக் கிளெய்மைப் பார்த்து, அதில் இரண்டு ஏன் விழுந்தது என்று நாலு பேருக்கு விளக்கத் தெரிந்தவருக்கு வேறொன்று கிடைக்கிறது: பாலிசியின் விதியை மாற்றச் சொல்லும் தகுதி. விமோசேவாவில் ஆகேவான்கள் புதிய ஆகேவான்களுக்குப் பயிற்சி கொடுப்பவர்களாகவும், திட்டத்தில் எதைச் சேர்க்கலாம் எதை நீக்கலாம் என்று பேசுபவர்களாகவும் மாறியது இந்த வழியில்தான்.

2001 ஜனவரி 26 அன்று பூகம்பம் குஜராத்தைப் புரட்டிப் போட்டபோது வீடும் பொருளும் இழந்த உறுப்பினர்களின் கிளெய்ம்கள் குவிந்தன. ஊர் ஊராகப் போய்ச் சேதத்தைப் பார்த்து எழுதியதும் விமோசேவாவின் ஆட்கள்தான். பணம் வந்தது கண்ணால் தெரிந்ததும் உறுப்பினர் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. எந்தப் பயிற்சி வகுப்பும் அந்த அளவுக்குக் கற்றுக்கொடுத்திருக்காது.

சட்டம் என்ன சொன்னது

இந்தப் பெண்களுக்கு முறையான ஏஜென்ட் உரிமம் கிடைத்திருக்குமா என்று பார்த்தால், பலருக்குக் கிடைத்திருக்காது. 2000ஆம் ஆண்டின் விதிகள்படி ஏஜென்ட் ஆக ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்துப் பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ தேறியிருக்க வேண்டியிருந்தது. 100 மணி நேரப் பயிற்சி. அதன் பிறகு எழுத்துத் தேர்வு. பீடி சுற்றும் ஒரு பெண், தன் தெருவில் இருநூறு பேருக்குக் காப்பீட்டைப் புரியவைத்தவர், அந்தத் தேர்வு அறைக்குள்ளேயே நுழைந்திருக்க முடியாது.

ஏழைகளுக்கான சிறுதொகைக் காப்பீட்டுக்கு 2005இல் வந்த நுண்காப்பீட்டு விதிகள் இதற்கு ஒரு வாசல் திறந்தன. தொண்டு நிறுவனம், சுய உதவிக் குழு, நுண்கடன் நிறுவனம் ஆகியவை நுண்காப்பீட்டு ஏஜென்ட்டாகலாம். அவற்றின் சார்பில் விற்பவர்களுக்குக் குறைந்தது 25 மணி நேரப் பயிற்சியை, காப்பீட்டு நிறுவனமே தன் செலவில், உள்ளூர் மொழியில் தர வேண்டும் என்றன அந்த விதிகள். உள்ளூர் மொழியில் என்று சட்டத்திலேயே எழுதியது பெரிய விஷயம். காப்பீட்டுப் பாடத்தைத் தாய்மொழியில் நடத்தத் தெரிந்த ஒருவருக்கு அதனால் ஒரு தொழிலே பிறந்தது. தமிழில் இந்தப் பாடத்தைச் சுவாரசியமாக நடத்தக்கூடியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

ஆய்வுகள் காட்டிய பலனும் தோல்வியும்

விமோசேவாவைப் பற்றி எழுதுகிற பலர் இந்த இடத்தில் கைதட்டிவிட்டு முடித்துவிடுகிறார்கள். அது அந்தப் பெண்களுக்கே செய்கிற அநியாயம். தங்கள் வேலையை வெளி ஆய்வாளர்கள் அளந்து பார்க்கத் திறந்துவிட்டவர்கள் அவர்கள். காப்பீட்டு உலகில் அந்தத் துணிச்சல் அரிது.

முதலில் நல்ல செய்தி. 1994 முதல் 2000 வரையிலான ஆறு ஆண்டு மருத்துவக் கிளெய்ம்களை அலசிய ஆய்வு 2002இல் வெளிவந்தது. வந்த 1,930 கிளெய்ம்களில் 1,712க்குப் பணம் கொடுக்கப்பட்டிருந்தது. அவற்றில் 47 சதவீதத்துக்கு முழுத் தொகையும், மீதிக்குப் பகுதித் தொகையும். ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் விழுங்குகிற மருத்துவமனைச் செலவைப் பேரிழப்பு என்று வைத்துக்கொண்டால், அப்படிப்பட்ட சம்பவங்களை இந்தத் தொகை பாதிக்கும் கீழே குறைத்திருந்தது. 30 ரூபாய்ப் பிரீமியத்துக்கு இது பெரிய சாதனை.

அடுத்தது அவ்வளவு நல்ல செய்தி இல்லை. திட்டத்தில் மிக ஏழைகளும் சேர்ந்திருந்தார்கள். அகமதாபாத் நகரத்தில் அவர்கள் மற்றவர்களைப் போலவே கிளெய்ம் கேட்டார்கள். கிராமங்களில் அப்படி இல்லை. கொஞ்சம் வசதி உள்ள உறுப்பினர்களே அதிகம் கேட்டார்கள். பிரீமியம் எல்லாரும் ஒரே மாதிரி கட்டினார்கள், பலன் ஒரு பக்கம் சாய்ந்தது. சரி, கல்வியையும் சேவையையும் கூட்டினால் சரியாகுமா என்று ஒரு பெரிய சோதனை செய்தார்கள். சில வட்டாரங்களில் ஆகேவான்கள் பாலிசி விற்ற பிறகும் வீடு தேடிப் போய் மறுபடி விளக்கினார்கள். அவர்களை மேற்பார்வை செய்து ஊக்கம் கொடுத்தார்கள். சில வட்டாரங்களில் நோயாளி மருத்துவமனையில் இருக்கும்போதே பணம் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். சில இடங்களில் இரண்டும். சில இடங்களில் எதுவுமில்லை. முடிவு 2007இல் வெளியானது: இந்த ஏற்பாடுகளால் ஏழைகளின் பங்கு குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை.

ஏன் கூடவில்லை என்பதற்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. ஆனால் மருத்துவமனை தூரத்தில் இருக்கிறது, போகப் பஸ் செலவு இருக்கிறது, படுத்தால் அன்றைய கூலி போகிறது. மருத்துவமனைக்கே போகாதவர் எதற்குக் கிளெய்ம் கேட்பார்? பாலிசியைப் புரிந்துகொள்வதற்கும் பயன்படுத்துவதற்கும் நடுவில் உள்ள அந்தத் தூரத்தை வகுப்பு நடத்திக் கடக்க முடியாது.

இன்னொன்று இதைவிடச் சங்கடமானது. கிளெய்ம் கோப்புகளைத் தொடர்ந்து பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் உறுத்தியது. கர்ப்பப்பை நீக்கும் அறுவைச் சிகிச்சை, கிளெய்முக்கான முன்னணிக் காரணங்களில் ஒன்றாக இருந்தது. செய்துகொண்ட பெண்களின் வயதோ முப்பதுகளின் நடுவில். கிளெய்ம் மேசைதான் இதை முதலில் காட்டியது என்பதைக் கவனியுங்கள். விற்பனைப் பிரிவுக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை. சேவா இதைக் காப்பீட்டு நிறுவனத்தின் நஷ்டக் கணக்காக மட்டும் பார்க்கவில்லை, பெண்களின் உடல்நலப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டது. காய்ச்சல், வயிற்றுப்போக்கு ஆகியவற்றோடு இதையும் சேர்த்துச் சுகாதார ஊழியர்கள் கூட்டங்களில் பேசினார்கள். அதையும் சோதனையாக நடத்தி அளந்தார்கள். கிளெய்ம் எண்ணிக்கையிலோ மருத்துவமனையில் சேர்வதிலோ மாற்றம் தெரியவில்லை.

அறுவையைத் தவிர வேறு சிகிச்சை பக்கத்தில் கிடைக்காதபோது, அறுவை வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்து என்ன பயன்? காப்பீட்டுக் கல்வியைத் தொழிலாக எடுக்கிறவர் இந்த இரண்டு முடிவுகளையும் மேசை மேல் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். எதுவுமே விற்கவில்லை, யாருக்குமே புரியவில்லை என்றால் உடனே இன்னும் ஒரு விழிப்புணர்வு முகாம் போடுவது நம் நிறுவனங்களின் பழக்கம். முகாமுக்குப் பட்ஜெட் கிடைப்பது சுலபம், மருத்துவமனைக்குக் கிடைப்பது கஷ்டம்.

கூட்டுறவு: தலைமை என்ற சொல்லுக்கு ஓர் அமைப்பு

2009இல் விமோசேவா பல மாநிலக் கூட்டுறவுச் சங்கமாகப் பதிவானது. பங்குதாரர்கள் பெண்கள், அவர்களின் அமைப்புகள். இதற்குத் தலைவராக இருந்தவர் மிராய் சட்டர்ஜி, பொதுச் சுகாதாரம் படித்தவர், 1984இல் சேவாவுக்கு வந்தவர். படித்த தலைமையும் தெருவிலிருந்து வந்த தலைமையும் ஒரே குழுவில் உட்காருவது சேவாவின் பழைய பழக்கம். இதில் எப்போதும் ஓர் இழுபறி உண்டு. ஆங்கிலத்தில் மறுகாப்பீட்டு ஒப்பந்தத்தைப் படிக்கத் தெரிந்தவர் கை ஓங்கும், கிராமத்தில் எந்த விதி எடுபடாது என்று தெரிந்தவர் குரல் அடங்கும். வாக்கு என்ற ஒன்று கூட்டுறவில் இருப்பதால் அந்த இழுபறி கொஞ்சம் சமனாகிறது. முழுதாகச் சமனாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன்.

கூட்டுறவு ஆனாலும் அது சொந்தமாகக் காப்பீட்டு நிறுவனமாகிவிட முடியவில்லை. இந்தியச் சட்டம் காப்பீட்டு நிறுவனத்துக்குக் கேட்ட குறைந்தபட்ச மூலதனம் 100 கோடி ரூபாய். ஏழைப் பெண்கள் தலைக்கு நூறோ ஆயிரமோ போட்டுச் சேர்க்கிற தொகை அல்ல அது. எனவே பெரிய நிறுவனங்களின் பாலிசியைத் தங்கள் உறுப்பினர்களுக்கு ஏற்றபடி பேரம் பேசி வாங்கித் தரும் இடைநிலை அமைப்பாகவே இயங்க வேண்டியிருந்தது. ஒரு பெண் காப்பீட்டுத் தலைமைக்கு வருவதைத் தடுக்கிற காரணங்களைப் பட்டியல் போடுபவர்கள் வீட்டுப் பொறுப்பு, தன்னம்பிக்கை, வழிகாட்டி இல்லாமை என்று அடுக்குவார்கள். மூலதன விதியை யாரும் அந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை. ஆயிரக்கணக்கான பெண்கள் சேர்ந்து கட்டிய ஒரு நிறுவனத்துக்கு அதுதான் கூரையாக இருந்தது.

வெயிலுக்குக் காப்பீடு

சேவாவின் அண்மைக்கால முயற்சி ஒன்றையும் சொல்ல வேண்டும், காப்பீட்டு ஆசிரியருக்கு இது புதுப் பரீட்சை. 2023இல் குஜராத்தின் ஐந்து மாவட்டங்களில் 21,000 பெண்களுக்கு வெப்பக் காப்பீடு எடுக்கப்பட்டது. உப்பளத்திலும் கட்டட வேலையிலும் தெருக் கடையிலும் உழைப்பவர்கள். வெப்பநிலை குறிப்பிட்ட அளவைத் தொடர்ந்து தாண்டினால், யார் நோயுற்றார் என்று பார்க்காமல் எல்லாருக்கும் பணம். பில் வேண்டாம், டாக்டர் சான்று வேண்டாம். கேட்க எளிமையாக இருக்கிறது. அந்த ஆண்டு அளவு எட்டப்படவில்லை, யாருக்கும் பணம் வரவில்லை.

வெயிலில் நின்று வெந்த பெண்ணிடம் இந்த ஆண்டு போதுமான வெயில் இல்லை என்று சொல்ல வேண்டும். இதை விட ஒரு கடினமான வகுப்பு எனக்குத் தெரிந்து காப்பீட்டில் இல்லை. அடுத்த ஆண்டு திட்டத்தைத் திருத்தினார்கள்: 40 டிகிரியைத் தாண்டினால் 400 ரூபாய் உதவித் தொகை, அதற்கு மேல் வெப்பம் கூடினால் காப்பீட்டுத் தொகை என்று இரண்டு அடுக்கு. மூன்று மாநிலங்களில் 50,000 பெண்கள் சேர்ந்தார்கள். 2024 கோடையில் அவர்களில் 46,000க்கும் மேற்பட்டவர்களுக்குப் பணம் போய்ச் சேர்ந்தது. வைப்புத் தொகையின் வட்டியில் பிரீமியம் கட்டச் செய்த அதே பழைய புத்திதான் இங்கும் வேலை செய்திருக்கிறது.

இந்தத் தொழிலுக்கு வர நினைப்பவருக்கு

விமோசேவாவை அப்படியே எடுத்து இன்னொரு இடத்தில் நட முடியாது. அதன் பின்னால் ஒரு தொழிற்சங்கமும் ஒரு வங்கியும் இருந்தன. ஆனாலும் காப்பீட்டுக் கல்வியில் ஒரு வாழ்க்கைத் தொழிலை அமைத்துக்கொள்ள நினைக்கும் பெண் இதிலிருந்து சிலவற்றை எடுத்துக்கொள்ளலாம்.

படிப்பு வேண்டாம் என்ற பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 1955 முதல் இயங்கும் இந்தியக் காப்பீட்டுக் கழகத்தின் லைசென்ஷியேட், அசோசியேட், ஃபெலோ தேர்வுகள் வேலை பார்த்துக்கொண்டே எழுதக்கூடியவை. பயிற்சித் துறைக்குள் நுழையும்போது அந்த எழுத்துகள் பெயருக்குப் பின்னால் இருப்பது உதவும். குறிப்பாகப் பெண்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன். ஆண் பயிற்சியாளரிடம் யாரும் கேட்காத தகுதிச் சான்றைப் பெண் பயிற்சியாளரிடம் கேட்கிற வழக்கம் இன்னும் ஒழியவில்லை. ஆனால் தேர்வுகளை முடித்துவிட்டு நேராக வகுப்பறைக்குப் போகாமல், கிளெய்ம் பிரிவில் சில ஆண்டுகள் வேலை கேட்டு வாங்குவது நல்லது. அது கவர்ச்சியில்லாத பிரிவு, பதவி உயர்வு மெதுவாக வரும் என்பார்கள். இருக்கலாம். ஆனால் நிராகரிக்கப்பட்ட கோப்புகளைப் படித்தவர் நடத்துகிற வகுப்பும் விற்பனைப் புத்தகத்தைப் படித்தவர் நடத்துகிற வகுப்பும் முதல் பத்து நிமிடத்திலேயே வேறு வேறாகத் தெரிந்துவிடும்.

பெண்களை ஏஜென்ட்டாக்க எல்.ஐ.சி. 2024 டிசம்பர் 9 அன்று தொடங்கிய பீமா சகி திட்டம் இந்த இடத்தில் பார்க்க வேண்டியது. பத்தாம் வகுப்பு முடித்த, 18 முதல் 70 வயது வரையிலான பெண்கள் சேரலாம். முதல் ஆண்டு மாதம் 7,000, இரண்டாம் ஆண்டு 6,000, மூன்றாம் ஆண்டு 5,000 ரூபாய் உதவித் தொகை. பட்டதாரிகளுக்குப் பின்னாளில் வளர்ச்சி அதிகாரி ஆகும் வாய்ப்பும் உண்டு. நிபந்தனைகளைக் கவனியுங்கள். முதல் ஆண்டு 24 பாலிசி பிடிக்க வேண்டும். இரண்டாம் ஆண்டுத் தொகை வேண்டுமென்றால் முதல் ஆண்டுப் பாலிசிகளில் 65 சதவீதமாவது நடப்பில் இருக்க வேண்டும். முதல் நிபந்தனையை அத்தை, சித்தி, பக்கத்து வீட்டுக்காரர் என்று தெரிந்தவர்களை வைத்து ஒப்பேற்றிவிடலாம். இரண்டாவதை அப்படி முடியாது. புரியாமல் வாங்கியவர் அடுத்த தவணையைக் கட்ட மாட்டார். ஆகவே அந்த 65 சதவீதம், திட்டத்தை எழுதியவர்கள் அப்படி நினைத்தார்களோ இல்லையோ, விளக்கிச் சொல்லும் வேலைக்குத் தரப்படும் கூலிதான். இந்த வேலையில் சேரும் பெண் இரண்டாவது எண்ணிலேயே கண்ணாக இருப்பது நல்லது.

விமோசேவாவில் குறையாக எனக்குப் படுவதும் கூலி சம்பந்தப்பட்டதே. சேர்க்கைக்கு இத்தனை என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது சுலபம். மருத்துவமனை வாசலில் நின்ற அரை நாளுக்கும், நிராகரிப்பை விளக்கப் போன மாலைக்கும் கணக்கு எழுத யாரும் சரியான வழி கண்டுபிடிக்கவில்லை. சங்கத்தின் மேல் உள்ள பற்றினால் அந்த நேரம் தரப்படுகிறது. பற்று இருக்கும் வரை சரி. இளைய தலைமுறைப் பெண்கள் அதே வேலையைச் சம்பளத்துக்குச் செய்வார்கள், பற்றுக்குச் செய்ய மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

பயிற்சி மேலாளர் வேலைக்கு நேர்காணலுக்குப் போகிறவர் சம்பளத்தைப் பேசி முடித்த பிறகு இரண்டு விஷயம் கேட்டுப் பார்க்கலாம். பயிற்சிப் பிரிவில் இருப்பவர் கிளெய்ம் குழுக் கூட்டத்தில் உட்கார முடியுமா? பயிற்சியில் தெரியவந்த குறையை வைத்துப் பாலிசியின் விதி எப்போதாவது மாற்றப்பட்டிருக்கிறதா? இரண்டுக்கும் இல்லை என்று பதில் வந்தால் அந்த நாற்காலி விற்பனைப் பிரிவின் ஒரு மூலையில்தான் போடப்பட்டிருக்கும். சேருவதும் சேராததும் அவர் விருப்பம்.